பச்சைச் சட்டைக்காரனின் கடன்

ஊஸ்டர் நகரின் மேற்கே, கால்நடையாகவே சென்றடையக்கூடிய தொலைவில், கிறைஃபன்சே ஏரி கிடக்கின்றது. ஒரு காலத்தில் எமது நகரின் பஞ்சாலைகளைச் சுழலவைத்த ஆபாக் என்னும் சிற்றாறு இந்த ஏரியில்தான் விழுகின்றது. ஏரியின் மறுமுனையிலிருந்து கிளாட் என்ற ஆறு புறப்படுகின்றது. அது சூரிச் விமான நிலையத்தின் அருகாக ஓடி, கிளாட்ஃபெல்டன் என்ற கிராமத்தைக் கடந்து ரைன் நதியோடு கலக்கின்றது. அந்தக் கிளாட்ஃபெல்டன், ஜேர்மன் மொழியின் தலைசிறந்த நாவலாசிரியர்களுள் ஒருவரான கொட்ஃபிரீட் கெல்லரின் தாய் தந்தையரது ஊர்.

கெல்லர் 1819ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் சூரிச்சில் பிறந்து, 1890ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அதே நகரில் மறைந்தவர். 1956ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பத்துப் பிராங் நாணயத்தாளில் அவருடைய முகம் பொறிக்கப்பட்டிருந்தது. இந்நாட்டுப் பாடசாலைகளிற் பயிலும் எம் பிள்ளைகள் அவருடைய கதைகளுள் ஒன்றையேனும் வாசித்திருப்பர். பெற்றோராகிய நாம் அவரை அறியாதிருப்பது வியப்பன்று. ஆயினும் அறிந்துகொள்ள வேண்டிய காரணம் ஒன்று உண்டு. தன் கனவுக்காக அந்நிய நகரமொன்றுக்குச் சென்று, தாயாரின் சேமிப்பையெல்லாம் கரைத்து, வெறுங்கையோடு திரும்பிய ஒரு மகனின் கதையை அவர் எழுதினார். அந்த மகன் அவரேதான். அந்தக் கதையை அவர் ஒரு முறையல்ல, இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் முடிவு வேறாக அமைந்தது.

'பச்சை ஹைன்ரிஷ்' என்பது அந்த நாவலின் பெயர். ஹைன்ரிஷ் லே என்னும் சிறுவன் தந்தையை இழந்தவன். தந்தை விட்டுச்சென்ற உடுப்புகளைத் தாயார் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி மகனுக்குத் தைத்துக் கொடுக்கிறார். அவற்றுட் பெரும்பாலானவை பச்சை நிறத் துணி என்பதால், ஊரார் அவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுகின்றனர். இறந்தவரின் துணியை உடுத்தி வளரும் பிள்ளை என்ற இந்த ஒரு படிமத்திலேயே நாவலின் பாரம் முழுவதும் அடங்கிவிடுகின்றது எனலாம். அவன் உடுத்தியிருப்பது கடன்.

கெல்லரின் தந்தை ஹான்ஸ் ரூடோல்ஃப் மரக்கடைசல் தொழிலில் தேர்ந்தவர். பல ஊர் பார்த்தவர், பொதுக் காரியங்களில் ஈடுபாடுடையவர். 1824ஆம் ஆண்டு காச நோயினால் அவர் இறந்தபோது அவருக்கு முப்பத்துமூன்று வயது, மகனுக்கு ஐந்து. பிறந்த ஆறு பிள்ளைகளுள் கொட்ஃபிரீட்டும், மூன்று வயது இளையவளான ரெகுலா என்ற தங்கையுமே எஞ்சினர். தாயார் எலிசபெத், பழைய சூரிச்சின் குறுகிய தெருவொன்றில் கணவர் வாங்கிவைத்த வீட்டைப் பற்றிக்கொண்டு, அறைகளை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். 1826ஆம் ஆண்டு, கணவரின் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவரை மறுமணம் செய்தார். அந்த மணம் நிலைக்கவில்லை. 1834இல் சட்டப்படி முறிந்தது.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் நாவலில் மாற்றாந்தந்தை இல்லை. தங்கையும் இல்லை. ஹைன்ரிஷ் லே தாயாருக்கு ஒரே பிள்ளை. தெருவின் மணம், அயலவர்களின் குணம், பழைய பொருட்கள் விற்கும் கிழவியின் இருண்ட கடை ஆகியவற்றையெல்லாம் அணுவளவும் பிசகாமல் வரைந்த ஓர் எழுத்தாளர், தம் வீட்டிலே கூடவே உண்டு உறங்கிய இருவரை மட்டும் துடைத்து எடுத்துவிடுகிறார். மறதியினால் நேர்ந்ததாக இதனைக் கொள்ள இயலாது. தாயும் மகனும் மட்டுமே உள்ள வீட்டில் கடன் யாருடையது என்ற கேள்விக்கு இடமில்லை. பழியைப் பகிர்ந்துகொள்ள வேறொருவர் இல்லை. தாயாரின் துயரைத் தாங்கிக்கொள்ளவும் வேறொருவர் இல்லை. தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகக் கெல்லர் வீட்டை வெறுமையாக்கினார்.

சுயசரிதை நாவல் என்றால் நடந்ததை நடந்தவாறே எழுதிப் பெயர்களை மட்டும் மாற்றுவது என்று எம்மில் பலர் கருதுகின்றனர். பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய காலத்தில், இந்தக் கதாபாத்திரம் உண்மையில் யார் என்ற கேள்வியையே மாணவர்கள் முதலிற் கேட்பார்கள். யாரை எழுதினார் என்பதைவிட யாரை எழுதாமல் விட்டார் என்று தேடுவதே பெரும்பாலும் கூடுதலான பயனைத் தரும்.

கெல்லரின் பாடசாலை வாழ்வுக்கு எமது ஊஸ்டருடன் ஒரு தொடர்பு உண்டு. 1830ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், நகரத்துப் பிரபுக்களின் ஆட்சியில் நாட்டுப்புறத்தாருக்கும் உரிய இடம் வேண்டுமெனக் கோரி, பத்தாயிரம் வரையான ஆண்கள் ஊஸ்டரில் திரண்டனர். அந்நாள் இன்றும் இந்நகரில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றது. அந்த எழுச்சியின் விளைவாக 1831இல் சூரிச் மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்புக் கிடைத்தது. 1833இல் பல்கலைக்கழகமும் புதிய அரச பாடசாலைகளும் தோன்றின. (இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில், தங்கள் பிழைப்பைப் பறித்த இயந்திரங்கள்மீது சினங்கொண்ட கைத்தறி நெசவாளர் மேல் ஊஸ்டரில் ஆலையொன்றுக்குத் தீ வைத்தனர் என்பதையும் மறக்கலாகாது. வெற்றி எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை.)

அவ்வாறு பிறந்த தொழிற்கல்விப் பாடசாலையிற் சேர்ந்த முதல் மாணவர்களுள் கெல்லரும் ஒருவர். அடுத்த ஆண்டே அங்கிருந்து துரத்தப்பட்டார். மாணவர்களால் வெறுக்கப்பட்ட ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு முன்னால் பிள்ளைகள் ஊர்வலமாகச் சென்று ஆரவாரம் செய்தனர். பலர் சேர்ந்து செய்த குறும்புக்குத் தலைவன் ஒருவன் தேவைப்பட்டான். பரிந்து பேசத் தந்தை இல்லாத கைம்பெண்ணின் பிள்ளையே அகப்பட்டான். 1834இல், பதினைந்தாவது வயதில், கெல்லரின் முறையான கல்வி முடிவுக்கு வந்தது. ஒரு பிள்ளையைக் கல்வியிலிருந்து விலக்குவதென்பது அவனுடைய உள்வாழ்வின் தலையைக் கொய்வதற்கு ஒப்பானது என்ற கருத்து நாவலில் வருகின்றது. இருபது ஆண்டு கழித்து எழுதும்போதும் காயம் ஆறவில்லை என்பது தெரிகின்றது.

படிப்பு இல்லையென்றாயிற்று, பையன் ஓவியனாவேன் என்றான். தாயார் தடுக்கவில்லை. முதல் ஆசான் அரைகுறை. பிரதி எடுக்கத்தான் கற்றுக்கொடுத்தார். அடுத்து 1837இல் ரூடோல்ஃப் மாயர் என்ற உண்மையான கலைஞர் ஒருவர் வாய்த்தார். அவரோ மனநோயாற் பாதிக்கப்பட்டவர். நாவலில் அவர் ரோமர் என்ற பெயரில் வருகிறார். ஹைன்ரிஷ் அந்த ஆசானுக்குச் சிறிதளவு பணம் கொடுத்துவிட்டு, பின்னர் அதைத் திருப்பித் தருமாறு கடுமையாக எழுதிப் பெற்றுக்கொள்கிறான். கடனை அடைத்த ரோமர் ஊரைவிட்டே போய், பாரிஸ் நகரில் மனநோயாளர் விடுதியில் அடைபடுகிறார். பின்பு ஹைன்ரிஷ் தன் வாழ்நாளெல்லாம் தாயாருக்குக் கடன்காரனாக இருக்கப்போகிறான். அவன் கடன் கொடுத்தவனாக நின்ற ஒரேயொரு தருணத்தில் ஒரு மனிதரை அழித்துவிட்டான். இதுபோன்ற இடங்களில் கெல்லரின் கை நடுங்குவதே இல்லை.

1840இல் கெல்லர் மியூனிச் நகருக்குப் புறப்பட்டார். ஜேர்மன் மொழி பேசும் ஓவியர்களுக்கு அன்று அதுவே தலைநகர். அங்கே நடந்ததை எம்மவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வந்த சில மாதங்களிலேயே கடும் காய்ச்சலில் வீழ்ந்தார். கையிருந்த பணம் கரைந்தது. தாயாருக்குக் கடிதம் எழுதினார். தாயார் கடன்பட்டும் மிச்சம்பிடித்தும் அனுப்பினார். மறுபடி எழுதினார், மறுபடி வந்தது. படங்கள் விலைபோகவில்லை. முடிவில் பல ஆண்டுகளின் உழைப்பான வரைபடங்களைப் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் அற்ப விலைக்குக் கொடுத்தார். அரச குடும்பத்துத் திருமணமொன்றுக்காக நகரம் அலங்கரிக்கப்பட்டபோது, கொடிக்கம்பங்களுக்கு நீலமும் வெள்ளையும் பூசிக் கூலி பெற்றார். மாபெரும் நிலக்காட்சி ஓவியனாவேன் என்று வந்தவரின் தூரிகை கடைசியிற் கண்ட வேலை இதுதான். 1842ஆம் ஆண்டு நவம்பரில் வீடு திரும்பினார்.

காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை விற்று, முகவர் கையிற் பணத்தைக் கட்டிப் பிள்ளையை அனுப்பிவைத்த தாய்மாரின் பிள்ளைகள் நாம். வந்த இடத்தில் உணவகத்தின் பின்கட்டிற் பாத்திரம் கழுவிக்கொண்டு, ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் நல்ல வேலை என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! கெல்லர் மியூனிச்சிலிருந்து எழுதிய கடிதங்களிலும், பின்னாளிற் பேர்லினிலிருந்து எழுதியவற்றிலும், எழுதாமல் மாதக்கணக்கில் மௌனம் காத்ததிலும், அதே வெட்கம் மறைந்திருந்தது. அவர் போரிலிருந்து தப்பி ஓடியவர் அல்லர். எம்முடைய நிலையும் அவருடைய நிலையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் பணம் அனுப்பிய தாயின் முன் வெறுங்கையோடு நிற்கும் மகனின் உள்ளத்தை ஐரோப்பிய இலக்கியத்தில் அவரளவுக்குத் திறந்துகாட்டியவர் சிலரே.

ஊர் திரும்பிய கெல்லரைக் கவிஞராக்கியவர்கள் அகதிகள் என்பது பலர் அறியாத செய்தி. 1840களின் சூரிச், ஜேர்மனியிலிருந்து அரசியற் காரணங்களுக்காக ஓடிவந்தோரின் புகலிடமாக விளங்கியது. அவர்களுள் ஒருவரான யூலியுஸ் ஃபுரோபெல் பதிப்பகம் ஒன்றை நடத்தினார். கெல்லர் தம் கவிதைகளை அவரிடம் காட்ட, அவர் அவற்றைச் சக அகதியான ஒகுஸ்ட் ஃபொலன் என்பவரிடம் கொடுத்தார். ஃபொலன் அவற்றைச் செப்பனிட்டு அச்சேற வழி செய்தார். 1846இல் முதற் கவிதைத் தொகுதி வந்தது. 1848இல் சூரிச் அரசு அவருக்கு உதவித்தொகை வழங்கி ஹைடல்பேர்க்குக்கு அனுப்பியது. அங்கே தத்துவஞானி ஃபொயர்பாக்கின் விரிவுரைகளைக் கேட்டு, மறுவுலக நம்பிக்கையைக் கைவிட்டார். இவ்வுலகிற் செய்த பிழையை மறுவுலகிற் சென்று நேர்செய்துகொள்ளலாம் என்ற ஆறுதலும் அத்தோடு போயிற்று. நாவலைப் புரிந்துகொள்ள இதுவும் வேண்டும்.

1850 முதல் 1855 வரை பேர்லின் வாசம். நாடகாசிரியனாகும் எண்ணத்தோடு போனவர், நாவலாசிரியனாகத் திரும்பினார். ப்ரவுன்ஷ்வைக் நகரத்து வெளியீட்டாளர் ஃபீவெக்கிடம் முன்பணம் வாங்கியிருந்தார். கையெழுத்துப் பிரதி துண்டுதுண்டாகச் சென்றது. முதற் பாகங்கள் அச்சாகிக்கொண்டிருக்கையில் இறுதிப் பாகம் எழுதப்படாமலே கிடந்தது. நாவலின் பொருள் கடன். அது எழுதப்பட்டதும் கடன் நெருக்கடியில். 1854இல் மூன்று பாகங்கள் வெளிவந்தன. 1855ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று, கண்ணீர் வடிய வடியக் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தார் என்பது அவரே நண்பருக்குத் தெரிவித்த செய்தி.

அந்தக் கடைசி அத்தியாயத்தில் என்ன இருந்தது? அந்நிய நகரிலிருந்து ஹைன்ரிஷ் ஊருக்குத் திரும்புகிறான். வழியில் ஒரு கோமகன் அவனுடைய வரைபடங்களை நல்ல விலைக்கு வாங்கியிருந்தமையால் இப்போது அவனிடம் பணம் இருக்கின்றது. தாயாருக்குக் கொடுக்க முடியும். ஊரை அடையும்போது ஓர் அடக்கம் நடந்துகொண்டிருக்கின்றது. அது அவனுடைய தாயாருடையது. மகனுக்காக வீட்டின்மேற் கடன்பட்டு, தன் உணவைக் குறைத்து, அவனிடமிருந்து சேதி வராமல் ஏங்கி அவர் இறந்துவிட்டார். ஹைன்ரிஷும் அதன்பின் நெடுநாள் உயிர்வாழ்வதில்லை.

இதை எழுதியபோது எலிசபெத் கெல்லர் உயிரோடிருந்தார். அறுபது வயதைத் தாண்டி, சூரிச்சில், மகள் ரெகுலாவோடு, மகனின் கடிதத்துக்காகக் காத்திருந்தார். புத்தகம் அச்சாகிக் கடைக்கு வந்து, ஊரார் வாசிக்கும்போதும் அவர் இருந்தார். உயிரோடிருக்கும் தாயைக் கதையிற் கொன்று புதைத்துவிட்டு, அதே ஆண்டின் இறுதியில் மகன் அந்தத் தாயின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

இதனைக் கொடுமை என்பாரும் உளர். எமது கணிப்பு வேறு. அந்நிய ஊரிற் கண்விழித்துக் கிடக்கும் எவனும் அஞ்சுவது இந்த ஒரு காட்சியைத்தான். நள்ளிரவில் மணியடிக்கும் தொலைபேசியை எடுப்பதற்கு முன் அந்த இரண்டு வினாடிகளில் எம்முள் ஓடும் படம் அது. ஊருக்குப் போகவே முடியாமல், அடக்கத்தை நிழற்படத்திலும் ஒளிநாடாவிலும் பார்த்து அழுதவர்கள் எம் மத்தியில் ஏராளம். கெல்லர் தம் அச்சத்தைக் கடைசிப் படிவரை நடத்திச்சென்று பார்த்தார். நடந்ததை அவர் எழுதவில்லை. நடந்திருந்தால் தாம் என்ன தண்டனைக்கு உரியவர் என்பதை எழுதினார். அத்தண்டனையைத் தமக்கே விதித்துக்கொண்டதாலேதான் ஹைன்ரிஷும் சாகிறான். முதற் பதிப்பின் கதையமைப்பும் இதற்கேற்பவே அமைந்தது. இளமைக்காலம் மட்டும் தன்மையில், ஹைன்ரிஷ் எழுதிவைத்த குறிப்பாக வருகின்றது, மற்றவையெல்லாம் படர்க்கையில். செத்துப்போகும் ஒருவன் தன் முழுக்கதையையும் நான் என்று சொல்ல இயலாதல்லவா.

நாவலின் மற்றோர் இடத்தையும் இங்கே கூற வேண்டும். ஏழு வயதுச் சிறுவனான ஹைன்ரிஷ் எங்கோ கேட்ட கெட்ட சொற்களை முணுமுணுக்கிறான். யார் கற்றுத்தந்தது என்று பெரியவர்கள் விசாரிக்கின்றனர். அவனுக்கே தெரியாது. ஆனால் விசாரிப்போர் விடை வேண்டி நிற்கின்றனர். உடனே தன்னிலும் மூத்த சில பையன்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் தன்னைக் காட்டுக்கு அழைத்துச் சென்றதாகவும் ஆங்கே நடந்தது இன்னின்னவை என்றும் துல்லியமான ஒரு கதையைக் கட்டிவிடுகிறான். மரமும் பாதையும் அதிற் பிழையின்றி இருக்கின்றன. எல்லாரும் நம்புகின்றனர், பையன்கள் தண்டிக்கப்படுகின்றனர். தன் கதை இவ்வளவு அழகாகப் பொருந்திவந்ததில் சிறுவனுக்கு உள்ளூர ஒரு திருப்தி. நாவலாசிரியன் பிறக்கும் கணம் அது. அவன் பாவியாகும் கணமும் அதுவே.

இந்தப் பக்கங்களைப் புகலிடம் கோரி விசாரணை அறையில் அமர்ந்த ஒருவர் வாசிப்பது வேறுவிதமான அனுபவம். இந்நாட்டில் நீண்ட காலமாக, வந்த உடனே சுருக்கமாக ஒரு முறையும், மாதங்கள் கழித்து விரிவாக இன்னொரு முறையும் வாழ்க்கைக் கதையைச் சொல்லவேண்டியிருந்தது. முதலாவதிற் சொன்ன திகதிக்கும் இரண்டாவதிற் சொன்ன திகதிக்கும் இடையிலே வேறுபாடு இருந்தால் நம்பகத்தன்மை போயிற்று. பொய்க்கதை மரமும் பாதையும் பிசகாமற் பொருந்தும்; வதைபட்டவனின் உண்மைக் கதை முன்னுக்குப் பின் முரணாகும். இதனை அதிகாரிகளுக்கு விளக்குவது அன்றும் கடினம், இன்றும் கடினம். எமது மொழியில் ஷோபாசக்தி 2001இல் வெளியான 'கொரில்லா' நாவலில் அகதி விண்ணப்பத்தையே கதையின் ஒரு பகுதியாக்கியது தற்செயல் அன்று. எம்மவரின் சுயசரிதை எழுத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

கெல்லரின் வாழ்வு 1861இல் திடீரெனத் திரும்பியது. நிலையான வருமானமின்றி நாற்பதைக் கடந்திருந்த அவரைச் சூரிச் அரசு தன் முதன்மைச் செயலாளராகத் தெரிவுசெய்தது. ஊர் முழுவதும் வியந்தது, பலர் நகைத்தனர். பதவியேற்புக்கு முந்திய இரவு, சோசலிசத் தலைவர் லசாலை வழியனுப்பும் விருந்தொன்றிற் குடித்து, வாதாடி, கதிரையைத் தூக்கிச் சண்டைக்குப் போய், மறுநாட் காலை எழும்பாமற் கிடந்தவரை அமைச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்து அழைத்துச்செல்ல வேண்டியதாயிற்று என்பர். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் ஒழுங்கான அதிகாரியாகவே இருந்தார். உத்தியோகபூர்வ வாசஸ்தலம் கிடைத்தது. அங்கே தாயாரையும் தங்கையையும் அழைத்துக்கொண்டார்.

1863இல் போலந்து மக்கள் ரஷ்யப் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தபோது அவர்களுக்கு உதவச் சுவிசில் மத்திய குழு ஒன்று அமைந்தது. அதன் செயலாளராகக் கெல்லர் பணியாற்றினார். பல ஆண்டுகளின் பின் அவர் எழுதிய 'உடையே மனிதன்' என்ற கதையில், வேலையிழந்த ஏழைத் தையற்காரன் ஒருவனை, அவன் அணிந்த அழகிய மேலங்கியைக் கண்டு போலந்துக் கோமகன் என்று ஒரு நகரமே நம்பிவிடுகின்றது. பச்சைச் சட்டை போட்டு வளர்ந்தவருக்கு உடை சொல்லும் பொய்யும் மெய்யும் நன்கு தெரியும்.

தாயார் 1864ஆம் ஆண்டு பெப்ரவரியில் இறந்தார். மகன் வெளியூரில் இல்லை. அதே வீட்டில் இருந்தார். கடன்கள் அடைபட்டிருந்தன. கதையில் நேர்ந்த மரணம் வாழ்வில் நேரவில்லை.

1876இல் பதவியை விட்டு விலகிய கெல்லர், பழைய நாவலைத் திருத்தி எழுத அமர்ந்தார். 1879, 1880ஆம் ஆண்டுகளிற் புதிய பதிப்பு வந்தது. இப்போது தொடக்கம் முதல் இறுதிவரை நான் என்றே கதை செல்கின்றது. ஹைன்ரிஷ் திரும்பிவரும்போது தாயார் மரணப் படுக்கையில் இருக்கிறார், பேச இயலவில்லை, ஆனால் மகனைப் பார்த்துவிட்டுக் கண்மூடுகிறார். ஹைன்ரிஷ் சாவதில்லை. உள்ளூர் நிர்வாகத்தில் ஒரு சிறிய உத்தியோகத்தை ஏற்று, மகிழ்ச்சியின்றிக் கடமையைச் செய்கிறான். இளமையில் அவனை நேசித்த ஜூடித் என்ற பெண் அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்து, மணம் முடிக்காமலே அவனுக்குத் துணையாகிறாள். தாயாரின் அந்த ஒரு பார்வையைச் சேர்ப்பதற்குக் கெல்லருக்கு இருபத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. உண்மையில் தாயாரோடு வாழ்ந்து, உண்மையில் அவரை வழியனுப்பிய பின்னரே அதை எழுத முடிந்தது.

பழைய பதிப்பின் விற்காத பிரதிகளைப் பெற்று நெருப்பிலிட்டார். அதை மீண்டும் அச்சிட முனையும் கை வாடிப்போகட்டும் என்று சபித்ததாகவும் அறிகிறோம். சாபம் பலிக்கவில்லை, இரண்டு பதிப்புகளும் இன்று கிடைக்கின்றன. எது சிறந்தது என்ற விவாதம் ஓயவில்லை. இரண்டாவது சீரானது, கலைநயம் கூடியது. முதலாவது கரடுமுரடானது, இடையிடையே ஆசிரியர் தத்துவம் பேசி அலுப்பூட்டுகிறார். எனினும் முப்பத்தைந்து வயதில், பேர்லின் வாடகை அறையில், நாளைக்கு என்னவாகும் என்று அறியாத மனிதர் எழுதியது அது. ஊர் திரும்பும் வழி இன்னமும் அடைபட்டவர்களுக்கு முதலாவதே நெருக்கமாக இருக்கும் என்று எண்ணுகிறோம். ஓய்வூதிய வயதிலே வாசிப்போர் இரண்டாவதை விரும்பக்கூடும்.

கெல்லர் கடைசிவரை மணம் புரியவில்லை. நேசித்த பெண்கள் மறுத்தனர். மணம் பேசி முடிந்த ஒரே பெண், லூயிஸ ஷைடெகர் என்ற இசைக்கலைஞர், 1866இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1877இல் வெளியான 'சூரிச் கதைகள்' தொகுதியில் 'கிறைஃபன்சேயின் ஆளுநர்' என்ற கதை உண்டு. எமது ஏரிக்கரையில் இன்றும் நிற்கும் அந்தக் கோட்டைதான் களம். சலமோன் லாண்டோல்ட் என்ற ஆளுநர் வரலாற்றில் உண்மையாகவே வாழ்ந்தவர். கெல்லர் பிறப்பதற்கு முந்திய ஆண்டு இறந்தவர். ஓவியர், பிரமச்சாரி, அரச அதிகாரி. மூன்றும் கெல்லருக்கும் பொருந்தும். கதையில் அவர் தம்மை மறுத்த ஐந்து பெண்களையும் ஒரே நாளிற் கோட்டைக்கு விருந்துக்கு அழைத்து, ஏரிக்காற்றில் சிரிப்பும் பேச்சுமாக ஒரு பகலைக் கழிக்கிறார். மனக்கசப்பு மருந்துக்கும் இல்லை. சொந்தத் துயரை வேறொருவரின் பெயரில், வேறொரு நூற்றாண்டிற் சொல்லும்போது அதிற் சிரிப்பும் கலந்துவிட முடிகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளிற் பிள்ளைகளோடு அந்தக் கரைக்குச் செல்வோர் கோட்டையைக் கண்டால் இக்கதையை அவர்களுக்குச் சொல்லலாம்.

இந்தக் கதையில் ஆளுநரின் வீட்டை ஆள்பவள் ஒரு கண்டிப்பான வீட்டுப் பணிப்பெண். கெல்லரின் வீட்டில் அந்தப் பணியைச் செய்தவர் தங்கை ரெகுலா. அண்ணன் மியூனிச்சிற் படம் வரைந்தபோதும் பேர்லினில் நாவல் எழுதியபோதும் தாயாரோடு சிக்கனமாக வாழ்ந்தவர் அவர். அண்ணனுக்குச் சென்ற ஒவ்வொரு காசும் அவருடைய பங்கிலிருந்தும் குறைந்தது. தாயார் இறந்தபின் இருபத்துநான்கு ஆண்டுகள் அண்ணனுக்குச் சமைத்து, துவைத்து, நள்ளிரவிற் குடித்துவிட்டு வரும்போது கதவு திறந்துவிட்டார். அவரும் மணம் புரியவில்லை. இளமையில் எழுதிய முதற் பதிப்பில் அவர் இல்லை. தாயாருக்கு நியாயம் செய்த இரண்டாம் பதிப்பிலும் அவர் இல்லை. தாயின் கடனை எழுதித் தீர்த்தவர் தங்கையின் கடனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ரெகுலா 1888ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இறந்தார். அதன்பின் கெல்லர் வாழ்ந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. எழுபத்தோராவது பிறந்தநாளுக்கு நான்கு நாட்கள் இருக்கையில் அவர் மறைந்தார். மியூனிச்சிலிருந்து மிஞ்சிய சில ஓவியங்களும், கையெழுத்துப் பிரதிகளும், கடிதங்களும் இப்போது சூரிச் மத்திய நூலகத்தின் சேகரத்தில் உள்ளன.